வீணாகட்டும் முதல் தாள்

"எனக்குப் படம் வரைய வராது" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் வரைந்து பார்த்துவிட்டு அதைச் சொல்வதில்லை. கடைசியாகப் பிரஷ் பிடித்தது ஆரம்பப் பள்ளியில் இருக்கும்; தீர்ப்பை நாற்பது வயதில் சொல்வார்கள். கேமரன் மலையின் கியா பார்ம் போன்ற ஓர் ஊரில் இந்தத் தீர்ப்பு கூடுதலாகவே உறுத்துகிறது. பிரிஞ்சாங்கைத் தாண்டி மேலேறும் சாலையில், தீபகற்ப மலேசியாவின் உயரமான ஊர்களில் ஒன்று அது. சோளமும் சக்கரவள்ளிக் கிழங்கும் ஸ்ட்ராபெரியும் விற்கும் சந்தை ஒரு பக்கம். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கும், அதற்கும் மேலே 2,000 மீட்டரைத் தாண்டி நிற்கும் குனோங் பிரிஞ்சாங்குக்கும் பிரியும் பாதை இன்னொரு பக்கம். ஆண்டு முழுவதும் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் இந்தச் சரிவுகளைக் கைப்பேசியில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஆனால் எந்தச் சரிவில் கொழுந்து எடுத்தாயிற்று, எதில் கவாத்து முடிந்திருக்கிறது, எந்த நேரத்தில் மூட்டம் இறங்கும் என்பதெல்லாம் இங்கேயே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். வரைவதற்கு வேண்டிய முதல் சொத்து இப்படிப் பார்த்துப் பழகிய கண்தான். அந்தச் சொத்தை வைத்திருப்பவர்களே வண்ணப்பெட்டியைத் தொடத் தயங்குகிறார்கள் என்றால், அந்தத் தயக்கத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். தயங்குகிறவருக்கு நாம் வழக்கமாகச் சொல்வது, "தைரியமாகத் தொடங்கு" என்பது. அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. முதல் தாளின் மீது ஏற்றி வைத்திருக்கும் எதிர்பார்ப்பை இறக்கி வைத்துவிட்டால் தைரியமே தேவைப்படாது. வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்த தாளில் பயத்துக்கு இடமில்லை.

இந்தப் பயம் எப்படி வளர்கிறது என்பது உளவியலில் நன்றாகவே தெரிந்த விஷயம். பயப்படும் ஒன்றைத் தவிர்த்தால் அந்தக் கணத்தில் ஒரு நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதியே, அடுத்த முறையும் தவிர்க்கச் சொல்லிக் கொடுக்கும். வண்ணப்பெட்டியை எடுத்து, வெள்ளைத் தாளை ஒரு நிமிடம் பார்த்து, "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று மூடி வைக்கிறவர், ஒவ்வொரு முறையும் பயத்துக்கு ஒரு பாடம் நடத்துகிறார். 1924இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அலறிய ஒரு சிறுவனின் பயத்தைப் போக்கிய விதத்தை எழுதினார். குழந்தை பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது முயலைத் தொலைவில் வைத்தார். நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் குழந்தை முயலைத் தடவிக் கொடுத்தது. பயத்தைப் பற்றிப் பேசியோ புத்திமதி சொல்லியோ அது நடக்கவில்லை. தாங்கக்கூடிய அளவில், திரும்பத் திரும்ப, நெருங்கியதால் நடந்தது. வண்ணப்பெட்டியை அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு, பயம் போன பிறகு திறக்கலாம் என்று காத்திருப்பவருக்கு அந்த நாள் வராது. அதே நேரத்தில், முதல் நாளே சுவரில் மாட்டும் அளவுக்கு ஒரு படம் வரைய உட்காருகிறவரும் முயலைக் குழந்தையின் மடியிலேயே கொண்டுபோய் வைத்தவர் ஆகிறார்.

பயம் பிறவியிலேயே வந்ததும் அல்ல. மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு சாக்பீஸ் கொடுத்தால் சுவரை விட்டுவைக்காது. குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைப் பற்றி 1947இல் வெளிவந்த நூலில் விக்டர் லோவன்ஃபெல்ட், ஏறக்குறைய ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் ஒரு திருப்பம் வருவதாகச் சொன்னார். அதுவரை மனத்தில் இருப்பதை வரைந்த குழந்தை, அந்த வயதில், கண்ணால் காண்பதுபோல இருக்கிறதா என்று தன் படத்தைச் சோதிக்கத் தொடங்குகிறது. கண் வளர்ந்துவிடுகிறது, கைக்குப் பயிற்சி இன்னும் வரவில்லை; பக்கத்து மேசையில் உள்ளவனின் படம் வேறு தெரிகிறது. பெரும்பாலான பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைக்கும் வயது இதுதான். நம் தமிழ்ப்பள்ளிகளில் அது நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு. காட்சிக் கலைக்கல்வி பாடத்திட்டத்தில் படம் உருவாக்குவது, கோலமும் வடிவமைப்பும், உருவம் சமைப்பது, மரபுக் கைவினை என்று நான்கு துறைகள் அழகாகவே வகுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் 2021இல் நீக்கப்படும்வரை ஆறாம் ஆண்டின் இறுதியில் நின்ற யுபிஎஸ்ஆர் தேர்வில் ஓவியம் இல்லை. தேர்வில் இல்லாத பாடத்துக்குத் தேர்வு ஆண்டில் என்ன மரியாதை கிடைக்கும் என்பதைப் பெற்றோர்கள் அறிவார்கள். கை பயில வேண்டிய காலத்தில் கை நின்றுபோயிற்று. நாற்பது வயதில் பயப்படுகிறவர் உண்மையில் தன் பத்து வயதுப் படத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்.

சிலருக்குக் கையிலேயே திறமை இருக்கிறது, எனக்கு இல்லை என்று ஒருவர் மறுக்கலாம். வேறுபாடு இருப்பது உண்மைதான். எல்லாரும் ஒரே தொலைவு போவதில்லை. ஆனால் தொடங்குகிறவர் தடுமாறும் இடம் கை அல்ல. டேல் கோஹன், சூசன் பென்னட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: கண்ணெதிரே உள்ளதைப் பெரும்பாலோரால் ஏன் வரைய முடிவதில்லை? கையின் நடுக்கமும் திறமைக் குறைவும் சிறிய காரணமே. வரையும் பொருளையே தவறாகக் கண்டுகொள்வதுதான் பெரிய காரணம் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதாவது நாம் பார்ப்பதை வரைவதில்லை, தெரிந்ததை வரைகிறோம். தேயிலைச் செடி என்றால் உருண்டையான ஒரு புதர் என்பது நமக்குத் 'தெரியும்'. எனவே சரிவு முழுக்க உருண்டை உருண்டையாகப் போட்டு, முட்டைக்கோஸ் தோட்டம் மாதிரி இருக்கிறதே என்று மனம் நோகிறோம். சரிவை ஐந்து நிமிடம் சும்மா பார்த்தால் போதும். இடுப்புயரத்தில் மட்டமாக வெட்டப்பட்ட செடிகளின் மேற்பரப்பு ஒரே விரிப்பாகக் கிடப்பதும், அதை வளைவு வளைவாக அறுத்துப் போவது கொழுந்து எடுப்பவர்கள் நடக்கும் தடங்கள்தாம் என்பதும் தெரியவரும். செடியை வரையாமல் தடத்தை வரைந்தால் செடி தானாக எழுந்து நிற்கும். பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் எழுதிய புகழ்பெற்ற பயிற்சி நூலில், ஒரு கோட்டோவியத்தைத் தலைகீழாக வைத்து நகலெடுக்கச் சொல்கிறார். மூளையின் இடப்பக்கம், வலப்பக்கம் என்று அவர் தந்த விளக்கத்தை நரம்பியல் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் பயிற்சி பலிக்கிறது: தலைகீழாக இருக்கும்போது மூக்கு மூக்காகத் தெரிவதில்லை, கோடாகத் தெரிகிறது, கோட்டை எவராலும் போட முடிகிறது.

எவராலும் என்று சொல்வதற்கு நம்மிடம் இதைவிடப் பெரிய சான்று வாசலிலேயே இருக்கிறது. ஓவியம் வராது என்று சொல்லும் தமிழ்ப் பெண்களில் எத்தனை பேர் கோலம் போடுகிறவர்கள்! நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்று முடிவு செய்து, குனிந்த நிலையில், அளவுகோல் இல்லாமல் பதினைந்து புள்ளி வரிசையைச் சம இடைவெளியில் வைப்பது சாதாரண வேலை அல்ல. ஒரே கோட்டில் போடும் சிக்குக் கோலத்தில் அந்தக் கோடு எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். எங்கே திரும்புவது என்பதைக் கை முன்கூட்டியே கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு விளையாட்டல்ல என்பதற்கு, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய குழுவினரும் 1970களில் செய்த வேலை சாட்சி. கோலங்களின் அமைப்பைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக அவர்கள் எழுதிக் காட்டினார்கள். உலகக் கணிதவியலாளர்கள் இன்றும் அதை எடுத்துப் பேசுகிறார்கள். மலேசியாவில் கோலம் இன்னொரு வடிவமும் எடுத்திருக்கிறது. தீபாவளி நேரத்தில் பேரங்காடிகளின் நடுக்கூடத்தில் சாயமேற்றிய அரிசியால் இடப்படும் பெரிய கோலங்களைப் பார்க்காதவர் இங்கே குறைவு. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எங்கே அடர்த்தி, எங்கே வெளிறல் என்பதை அங்கே முடிவு செய்வது பெரும்பாலும் ஓவியக் கல்லூரிக்குப் போகாதவர்கள்தாம்.

அப்படியானால் தரையில் வராத பயம் தாளில் மட்டும் ஏன் வருகிறது? காரணம் கையிலோ கண்ணிலோ இல்லை. கோலம் நிலைக்கப் போவதில்லை. காலையில் போட்டது மதியத்துக்குள் காலடியிலும் மழையிலும் போய்விடும். கேமரன் மலையில் மழைக்குக் கேட்க வேண்டுமா? பிசகிய கோட்டை ஈரத் துணியால் துடைத்துவிட்டு மேலே போட்டுவிடலாம். யாரும் கையெழுத்துப் போடுவதில்லை, சட்டம் அடித்து மாட்டுவதில்லை. நாளைக்கு வேறு கோலம் உண்டு என்பதால் இன்றைய கோலம் தோற்றாலும் தோல்வி இல்லை. இந்த மூன்றும் சேர்ந்துதான் பயத்தை உள்ளே விடாமல் தடுக்கின்றன: அழியும், திருத்தலாம், நாளையும் உண்டு. தாளுக்கு வரும்போது நாம் மூன்றையும் பறித்துக்கொள்கிறோம். விலை கொடுத்து வாங்கிய தாள், எனவே வீணாக்கக் கூடாது. வண்ணம் பட்டால் போகாது, எனவே பிசகக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை தொடுவது, எனவே நன்றாக வர வேண்டும். இவ்வளவு நிபந்தனைகளோடு கோலம் போடச் சொன்னால் நம் பாட்டிமார்களுக்கும் கை நடுங்கியிருக்கும். ஆகவே தொடங்குகிறவர் செய்ய வேண்டியது, தாளுக்குக் கோலத்தின் நிபந்தனைகளைத் திருப்பித் தருவதுதான்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். கோலம் பழகிய வடிவத்தைத் திரும்பப் போடுவது, ஓவியம் புதிதாகப் படைப்பது, இரண்டையும் ஒன்றாக்கலாமா? வேறுபாடு இருக்கிறது. ஆனால் தொடங்குகிறவரிடம் புதிதாகப் படைக்கச் சொல்வது யார்? வின்சென்ட் வான்கோ ஓவியராவதென்று முடிவெடுத்தது 1880இல், 27ஆம் வயதில். அதன்பின் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, சார்ல்ஸ் பார்க் என்பவர் தொகுத்த வரைபயிற்சித் தாள்களை ஒன்றுவிடாமல் பார்த்து நகலெடுத்ததுதான். பத்தாண்டுகளே வேலை செய்து உலகத்தின் பார்வையையே மாற்றிய ஒருவருக்கு நகலெடுப்பது இழிவாக இல்லை என்றால், நமக்கு ஏன் இருக்க வேண்டும்? இதே வான்கோ 1884இல் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதமொன்றில், வெறுமையான துணி ஓவியனை முறைத்துப் பார்த்துச் செயலிழக்க வைப்பதைப் பற்றிப் பேசுகிறார். அதற்கு மருந்தாக அவர் சொல்வது, அதன் மீது எதையாவது அறைந்துவிடு என்பதுதான். பயம் கற்றுக்குட்டிக்கு மட்டும் வருவதில்லை என்பதும், அதற்குப் பெரியவர்கள் கண்ட வழி யோசிப்பது அல்ல என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

வெறுமையை முதலிலேயே கெடுத்துவிடுவது என்ற இந்த வழிக்கு மிக அழகான எடுத்துக்காட்டு ரவீந்திரநாத் தாகூர். 1927இல் மலாயாவுக்கு வந்து சிங்கப்பூரிலிருந்து பினாங்குவரை பயணம் செய்தபோது இங்குள்ள மக்கள் அவரைக் கவிஞராகத்தான் வரவேற்றார்கள். அதற்கு முன்பே, அறுபது வயதைத் தாண்டிய பிறகு, இன்னொரு வேலை அவர் கையில் தொடங்கியிருந்தது. கவிதைக் கையெழுத்துப் படியில் அடித்த சொற்கள் பக்கமெங்கும் அலங்கோலமாகக் கிடக்க, அந்த அடித்தல்களை ஒன்றோடொன்று கோட்டால் இணைத்தார். அவை பறவைகளாகவும் விலங்குகளாகவும் பெயரில்லா உருவங்களாகவும் ஆயின. 1924இல் அர்ஜென்டினாவில் அவரைத் தங்கவைத்திருந்த விக்டோரியா ஓகாம்போ, 'பூரபி' கவிதைகளின் அந்தப் பக்கங்களைப் பார்த்து வியந்தார். 1930இல் பாரிசில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடக்கத் துணை நின்றவரும் அவரே. இறப்பதற்குள் 2,000க்கும் மேற்பட்ட படங்களை வரைந்துவிட்டார் தாகூர். ஓவியத்தில் முறையான பயிற்சி அவருக்கு இல்லை. நம் வாதத்துக்கு முக்கியமானது, அவர் வெள்ளைத் தாளிலிருந்து தொடங்கவில்லை என்பதுதான். ஏற்கெனவே வீணாகிப்போன தாளிலிருந்து தொடங்கினார். வீணானதை இனி வீணாக்க முடியாது. அதனால் கை விடுதலையாகி ஓடியது. 1915இல், 40 வயதில் தூரிகை எடுத்த வின்ஸ்டன் சர்ச்சிலுக்கோ வெறுமையைக் கெடுத்துக் கொடுக்க இன்னொருவர் வேண்டியிருந்தது. பெரிய வெள்ளைத் துணியில் ஒரு பயறளவு நீலம் வைத்துவிட்டுத் திகைத்து நின்றவரிடமிருந்து, ஓவியர் ஜான் லேவரியின் மனைவி ஹேசல் பிரஷ்ஷை வாங்கிச் சரசரவென்று நாலைந்து தீற்று தீற்றினார். அதோடு துணியின் அதிகாரம் போயிற்று. நம் மக்களுக்கு சர்ச்சிலின் அரசியல் மீது எந்தப் பரிவும் இருக்க வேண்டியதில்லை. ஒரு போரையே நடத்தத் துணிந்தவருக்கு ஒரு துணியைக் கண்டு பயம் வந்தது என்ற அளவில் அவர் நமக்குப் பயன்படுகிறார்.

இதை ஒரு முறையாகவே ஆக்கியவர்களும் உண்டு. சுவரில் படிந்த கறைகளை உற்றுப் பார்த்தால் மலைகளும் ஆறுகளும் மனிதர்களும் தெரிவார்கள் என்று லியனார்டோ டாவின்சி ஓவியர்களுக்குச் சொல்லிவைத்தார். அதே போக்கில் 1785 வாக்கில் அலெக்சாண்டர் கோசன்ஸ் என்ற ஆங்கில ஓவிய ஆசிரியர், தாளில் மையைத் திட்டுத்திட்டாக இட்டு அதிலிருந்து நிலக்காட்சியை எழுப்பும் வழியை நூலாகவே எழுதினார். கியா பார்மில் இருப்பவருக்கு இந்த வழி இன்னும் எளிது, ஏனென்றால் இங்கே வெள்ளைத் தாளே பாதிப் படம். பின்மதியத்தில் மூட்டம் இறங்கிவிட்டால் எதிர்ச்சரிவு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மலையை மேகத்துக்குள் மறைத்துவிட்டுத் தாளை வெறுமையாக விடுவதை ஒரு பெருங்கலையாகவே வளர்த்தவர்கள் சீன ஓவியர்கள். பதினோராம் நூற்றாண்டின் மீ ஃபூ அதில் பெயர் பெற்றவர். ஒரு சிறு தாளின் மேற்பாதியை வெறும் தண்ணீரால் நனைத்து, கருநீலத்தில் ஒரு துளி கறுப்பைக் கலந்து மிகவும் நீர்க்கச் செய்து, நடுவில் ஒரே இழுப்பாக இழுத்தால் நிறம் தானே மேலே ஊர்ந்து விளிம்பில்லாமல் கரையும். அதுதான் மூட்டத்துக்குப் பின்னால் நிற்கும் மலை. கை அதிகம் செய்யவில்லை, தண்ணீர் செய்தது. மலைக்காற்றின் ஈரத்தில் நீர்வண்ணம் காயச் சமவெளியைவிட நேரமெடுக்கும். அவசரப்பட்டு அதன்மேல் அடுத்த நிறத்தை வைத்தால் கலங்கிவிடும். காத்திருக்கும் நேரத்தில் கீழ்ப்பாதிக்கு மஞ்சளில் கொஞ்சம் நீலம் சேர்த்துப் பச்சை கலக்கலாம். ட்யூபிலிருந்து பிதுக்கிய பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் புல் மாதிரித்தான் வரும். அதில் ஊசிமுனை அளவு சிவப்பு சேர்த்தால் கூச்சம் அடங்கி இலைப் பச்சையாகும். கொழுந்து விட்ட சரிவுக்கு மஞ்சள் கூட வேண்டும். கொழுந்து எடுத்து முடித்த சரிவுக்கு நீலம் கூட வேண்டும். கவாத்து செய்த சரிவுக்குப் பழுப்பே போதும். இந்த மூன்று பச்சைகளின் வேறுபாட்டை எந்த நூலும் இந்த ஊர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசியாக, முக்கால் காய்ந்த பச்சையின் மேல் அடர்ந்த நிறத்தில் நாலு வளைகோடு: நடைதடங்கள். படம் நன்றாக வந்ததா என்பது இப்போதைக்குக் கேள்வியே இல்லை. தாள் கெட்டாயிற்று, அது போதும்.

செலவைப் பற்றிய மறுப்பு நியாயமானது; அதை ஊதித்தள்ளக் கூடாது. மலிவான தாளில் தண்ணீர் பட்டதும் அலையலையாக எழும்பி, வண்ணம் பள்ளத்தில் தேங்கிவிடும். அப்போது தொடங்குகிறவர் தாளின் குற்றத்தைத் தன் குற்றமாக எடுத்துக்கொள்கிறார். விலையுயர்ந்த தாளிலோ கை அசையவே மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. தண்ணீரை நம்பும் நீர்வண்ணத்துக்கு 300 கிராம் கனமுள்ள தாள் வேண்டும். அதை ஒரு தாளாக வைத்துக்கொள்ளாமல் தபாலட்டை அளவில் எட்டுத் துண்டாக வெட்டிக்கொண்டால் ஒரு துண்டு கெட்டால் ஏழு மிச்சம். போஸ்டர் கலர் என்றால் பழுப்பு உறைத்தாளும் அட்டைப்பெட்டியின் உட்பக்கமும்கூடத் தாங்கும். பள்ளிப் பிள்ளைகள் இங்கே பயன்படுத்தும் புன்ச்சோ வண்ணம் போதும். பழுப்புத் தாளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அது வெள்ளை இல்லை. நடுநிறம் ஏற்கெனவே இருப்பதால் வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் வைத்தால் போதும். தொடங்குகிறவருக்குப் பன்னிரண்டு வண்ணமும் தேவையில்லை. ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு நீலம், வெள்ளை. நிறம் குறையக் குறையத் தேர்வு செய்யும் குழப்பமும் குறையும்.

நேரமும் உழைப்பும் பற்றிய மறுப்பு இன்னும் கனமானது. 1929இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலையின் பச்சைக்குப் பின்னால் இருப்பது தோட்டத் தொழிலாளரின் முதுகு. முதலில் கையால் பறித்தார்கள், பிறகு கத்தரியால் வெட்டினார்கள், இன்று இருவர் இரு முனையைப் பிடித்துத் தூக்கிச் செல்லும் எந்திரத்தால் கொழுந்து எடுக்கிறார்கள். வேலை மாறியதே தவிரச் சரிவு மாறவில்லை. நாள் முழுவதும் இந்தச் சரிவில் நின்றவருக்கு மாலையில் அதையே வரைய உட்காருங்கள் என்று சொல்வது கேலியாகப் படாதா? படலாம். வரைந்தே ஆக வேண்டும் என்று யாரையும் வற்புறுத்த இந்தக் கட்டுரை வரவில்லை. ஆனால் ஓவியம் ஓய்வு மிகுந்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணத்தை மட்டும் ஏற்க முடியாது. அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் முக்கால் மணி நேரம் தங்களுக்குப் பிடித்தபடி வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், தாள் ஒட்டினார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசோல் என்ற மனஅழுத்த இயக்குநீரை அளந்தபோது ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஒப்பிட இன்னொரு குழு வைக்கப்படவும் இல்லை, அதன் மேல் பெரிய கோட்டை கட்டக் கூடாது. ஆனால் அதில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது: ஏற்கெனவே வரைந்து பழகியவருக்கும் ஒன்றுமே தெரியாதவருக்கும் இந்தப் பலனில் வேறுபாடு தென்படவில்லை. நன்றாக வரைய வந்தால்தான் நிம்மதி கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அலுத்த மனிதருக்குக் கிடைக்க வேண்டிய நிம்மதி இது. அதைப் பயம் பறிப்பதுதான் அநியாயம்.

ஆசிரியர் இல்லாமல் தொடங்கினால் தப்பும் தவறுமாகப் பழகிவிடாதா என்பது அடுத்த கேள்வி. மலேசிய ஓவிய வரலாறே இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் மலாயாவின் கலைக்கல்வி மேற்பார்வையாளராக வந்த பீட்டர் ஹாரிஸ், 1952இல் கோலாலம்பூரில் புதன்கிழமை ஓவியக் குழுவைத் தொடங்கினார். ஆசிரியர்களும் அலுவலர்களும் மாணவர்களும் வாரம் ஒருமுறை கூடி வரைந்தார்கள். ஹாரிஸ் இன்ன பாணியில்தான் வரைய வேண்டும் என்று திணிக்கவில்லை. அவரவர் வழியில் போகவிட்டார். பேட்ரிக் இங், சியோங் லாய் தோங், பின்னாளில் பத்திக்கிலும் சொங்கெட் நெசவு பற்றிய ஆய்விலும் பெயர் பெற்ற கிரேஸ் செல்வநாயகம், பதின்ம வயதிலேயே பேஸ்டலில் கம்பத்துப் பிள்ளைகளின் விளையாட்டுகளை வரைந்து பரிசுகளை வென்ற சுல்கிப்லி புயோங் எல்லாரும் அந்தக் குழுவில் இருந்தவர்கள். திருத்தும் கை பக்கத்தில் இல்லாததே அவர்களுக்கு உதவியது என்று நான் கருதுகிறேன். ஆசிரியர் வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. தமிழ்நாட்டில் பிறந்து மலேசிய ஓவியத்தில் தனி இடம் பிடித்த சையத் தாஜுடீன் சென்னை அரசு ஓவியக் கல்லூரிக்குப் போய்த்தான் முறையாகப் படித்தார். உருவங்களை அவர் அமைக்கும் விதத்தில் அந்தப் படிப்பு தெரியும். ஆசிரியர் தேவைப்படுவது, கேட்பதற்குக் கேள்வி பிறந்த பிறகு. முப்பது அட்டைகளைக் கெடுத்தவர், "தூரத்து மலை ஏன் பக்கத்தில் வந்து நிற்கிறது?" என்று கேட்பார், அவருக்குப் பதில் சொன்னால் பதிந்துகொள்ளும். ஒன்றும் கெடுக்காதவரிடம் அதே பதில் வெறும் விதியாகி, இன்னொரு பயமாக உட்கார்ந்துவிடும்.

கியா பார்மிலோ தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ இப்படி ஒரு குழு கூடுவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. கோவில் மண்டபமோ பள்ளி வகுப்பறையோ வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். கோலம் போடத் தெரிந்த பெண்களை முதலில் அழைக்க வேண்டும். வாசலில் இட்டதையே தாளில், வண்ணத்தில் இடச் சொல்லித் தொடங்கினால் பாதித் தயக்கம் அங்கேயே தீர்ந்துவிடும். பிள்ளைகளைத் தனியாகவும் பெரியவர்களைத் தனியாகவும் உட்கார வைப்பது நல்லது. பிள்ளையின் வேகத்தைப் பார்த்துப் பெரியவர் கூசுவார், பெரியவரின் முகத்தைப் பார்த்துப் பிள்ளை தயங்கும். முதல் இரண்டு மாதம் போட்டியும் பரிசும் கண்காட்சியும் கூடாது. நம் சமூக நிகழ்ச்சிகளில் எதைத் தொடங்கினாலும் உடனே பரிசளிப்பு விழா வைக்கும் பழக்கம் நல்லெண்ணத்தில் வந்ததுதான். ஆனால் இந்த ஒரு காரியத்துக்கு அது கேடு.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அம்மாவோ அண்ணனோ முதல் படத்தைக் கொண்டுவந்து காட்டும்போது, "இது என்ன?" என்று கேட்பது எவ்வளவு கெடுதலோ, பார்க்காமலே "சூப்பரா இருக்கு" என்பதும் அவ்வளவு கெடுதல். முதலாவது பழைய தீர்ப்பை உறுதி செய்கிறது. இரண்டாவது, அடுத்ததும் சூப்பராக இருக்க வேண்டும் என்ற புதுச் சுமையை ஏற்றுகிறது. படத்தில் கண்ட ஒன்றைச் சொன்னால் போதும்: "இந்த மூலையில மூட்டம் மாதிரி கலைஞ்சிருக்கே, அதை எப்படிச் செஞ்சீங்க?" கேட்கப்பட்டவர் எப்படிச் செய்தார் என்று நினைத்துப் பார்ப்பார். தெரியாமல் நடந்தது என்பார் பெரும்பாலும். அதைத் தெரிந்தே செய்து பார்க்க, அடுத்த அட்டையை எடுப்பார்.